செங்கமலத்தம்மாள் முந்தானையில் முடிந்து வந்த கார்டு

அன்பு கனிந்த அற்புதமேரி அம்மையே! ஆவூர் மண் ஈன்ற அருந்திருவே! பதினேழு ஆண்டுக் காலம் எங்கள் தட்டச்சுப் பொறிக்குத் தாளமாகவும் எங்கள் தடுமாற்றங்களுக்குத் தாங்குகோலாகவும் நின்ற தாயே! புதுக்கோட்டை, தெற்கு நான்காம் வீதி, குழந்தைசாமி நிர்வாகச் சட்ட ஆராய்ச்சி அறக்கட்டளையின் செயலரே! இன்று பணி நிறைவு பெற்று, மாலை சூடி, எங்கள் நடுவே கூச்சத்தோடு தலைகுனிந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் உள்ளம் உருகிச் சொல்லும் வணக்கம்!

சபையில் இருப்பவர்களே, நீங்களும் கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்து முன்னே போடுங்கள். ஏவல் பார்க்கும் கருப்பன் வந்து ஜன்னலைச் சாத்துவான், வீதிச் சத்தம் போகட்டும். குணங்களை வரிசையாக அடுக்கி வாசித்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக இருக்கும். காதுக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. அதனால் உங்களுக்கு ஒரு கதை சொல்கிறோம். அம்மாவின் முகத்தைப் பார்த்து "நீங்கள், நீங்கள்" என்று சொன்னால் பாதிக் கதையில் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே, எங்கோ இருக்கிற ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறோம். பொறுத்தருள வேண்டும் அம்மா!

இந்த வீடு எதற்கு என்று தெரியாமல் வந்திருப்பவர்களும் இருப்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை எந்த மனுவும் இந்த ஊருக்குள்ளேயே சுற்றித் தீர்ந்தது. அப்புறம் திருச்சிக்கும் சென்னைக்கும் போகத் தொடங்கியது. போன மனுக்கள் பல, "தள்ளுபடி" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பின. சமஸ்தானத்து நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற குழந்தைசாமி ஐயாவுக்கு அது மனத்தில் தைத்தது. அதிகாரி உத்தரவு போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன் சம்பந்தப்பட்ட ஆளை ஒரு வார்த்தை கேட்டாரா? போட்ட பிறகு ஏன் போட்டேன் என்று சொன்னாரா? இந்த இரண்டு கேள்வியையும் உட்கார்ந்து ஆராய்வதற்கு ஆள் வேண்டும் என்று நினைத்தார். அதற்குத்தான் நிர்வாகச் சட்டம் என்று பெயராம். தம் வீட்டையும் புத்தகங்களையும் எழுதி வைத்தார். ஆண்டுக்கு இரண்டு ஆராய்ச்சியாளர், இரண்டு அறை, ஒரு வருஷத்துக்குச் சோறும் உதவித்தொகையும். ஊர் இதை 'ஸ்காலர் வீடு' என்று கூப்பிடத் தொடங்கியது.

நாற்பத்தொன்பதில் ஒரு மேசையும் ஒரு தட்டச்சுப் பொறியுமாக இது தொடங்கியபோது அந்த மேசைக்கு வந்தவர் அற்புதமேரி அம்மாள். ஆவூர் மிஷன் பள்ளியில் படித்தவர். தாளைப் பொறியில் ஏற்றுமுன் சிலுவை போட்டுக்கொள்வார். சட்டப் புத்தகங்களை எலி தின்னாமல் காத்ததும் அவர்தான். ஸ்காலர்களில் யார் பாகற்காய் தொடமாட்டார், யாருக்குத் தலைவலி வந்தால் சுக்குக் காபி வேண்டும் என்று அறிந்து சமையற்கட்டுக்குச் சொல்லியனுப்பியதும் அவர்தான். எழுதி முடிக்க மாட்டேன், ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிய பிள்ளைகளை, "இந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நான் டைப் அடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே முந்நூறு பக்கம் எழுத வைத்த சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்!

அத்தனை கெட்டிக்காரருக்கும் ஒரு சறுக்கல் வந்தது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மார்கழி மாதம். அந்த முறை உதவித்தொகைக்குப் பதினான்கு விண்ணப்பம் வந்திருந்தது. குழு கூடுவதற்கு முன் அம்மாள் அவற்றைச் சலித்து வைப்பது வழக்கம். அறக்கட்டளைப் பத்திரத்தில் குழந்தைசாமி ஐயா ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: உதவி பெறுபவர் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தாளில் மூன்றாவது கட்டம், 'சொந்த ஊர்'. அம்மாள் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொண்டே போவார். விராலிமலையா, உள்ளே. குளத்தூரா, உள்ளே. தஞ்சாவூர் ஜில்லாவா, ஒரு கோடு. அன்றைக்கு ஐந்து கோடு விழுந்தது.

கோடு விழுந்தவர்களுக்கு அனுப்ப ஒரு கார்டு உண்டு. ஐம்பதாம் ஆண்டிலேயே ஐந்நூறு அச்சடித்து வைத்திருந்தது. "தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு ஏற்கப்படவில்லை." அவ்வளவுதான். கீழே செயலர் கையெழுத்து. காலையில் கோடு போட்டால் மாலைத் தபாலில் கார்டு போய்விடும். அந்தச் சுறுசுறுப்பில் அம்மாளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சனிக்கிழமை குழு கூடியது. தலைவர் வக்கீல் வெள்ளைச்சாமி ஐயா. மிச்சம் ஒன்பது பேரின் கட்டுரைகளைப் படித்து ஒருவரைத் தேர்ந்தார்கள். இரண்டாவது இடத்துக்குத் தகுந்த ஆள் இல்லை என்று எழுதினார்கள். "இந்த வருஷம் சரக்குக் கொறைச்சல்தான். ஒரு அறை சும்மா கெடக்கட்டும்" என்று ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. அம்மாள் பொறியில் தாளை ஏற்றிக்கொண்டிருந்தார். கருப்பன் வாசலிலிருந்து ஓடி வந்தான்.

"அம்மா, ஒரு ஆத்தா வந்து நிக்கிது. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குது. 'கார்டு போட்ட அம்மாவ வெளிய வரச் சொல்லு'ங்குது."

"எந்தக் கார்டு?"

"முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கு. அவுத்துக் காட்ட மாட்டேங்குது."

அம்மாள் எழுந்து வெளியே போனார். வெயில் ஏறாத நேரம். படிக்குக் கீழே ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மாள், செங்கமலம் என்று பெயர், ஈரம் காயாத தலையோடு நின்றுகொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே ஆவுடையார்கோவிலில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி வந்திருக்கிறார்.

"இந்தக் கார்டு போட்டது நீங்கதானாம்மா?" முடிச்சை அவிழ்த்து நீட்டினார். மடிப்பில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"ஆமாங்க. உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

"உக்கார வரலை. எம்மவன் நாகராசு பி.எல். படிச்சவன். இந்தக் கார்டு வந்ததுலேருந்து வீட்டுல பேச்சில்லை. என்ன கொறைன்னுடா தள்ளுனாகன்னு கேட்டா, தெரியலை ஆத்தாங்கிறான். போயிக் கேட்டுட்டு வாடான்னா, ஆபீசு கார்டு, போட்டா போட்டதுதாங்கிறான். படிச்சவனுக்குத் தெரியலை. படிக்காத எனக்கும் தெரியலை. கார்டு போட்ட ஒங்களுக்காவது தெரியுமா?"

அம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது முதலில். உள்ளே போய் விண்ணப்பத்தை எடுத்து வந்து, மூன்றாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இதாங்க. சொந்த ஊரு ஆவுடையார்கோவில்னு எழுதியிருக்காரு. அது தஞ்சாவூர் ஜில்லாவுல்ல? இது சீமையில பொறந்தவுகளுக்கு மட்டும்தாங்க."

செங்கமலத்தம்மாள் விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை. அம்மாளின் முகத்தையே பார்த்தார்.

"அது அவுக அப்பன் ஊருல்ல! சொந்த ஊருன்னு கேட்டா அப்பன் ஊரைத்தான எழுதுவான் ஆம்பளப் பிள்ளை? அவன் பொறந்தது குன்றாண்டார்கோவிலுல. எங்காத்தா வீட்டுல. தலைப்பிள்ளையைப் போயி யாராச்சும் மாமியா வீட்டுல பெத்துக்குவாகளா? ஏம்மா, ஒங்க ஊருல அப்பிடி ஒரு வழக்கமா இருக்கு?"

குன்றாண்டார்கோவில் சீமைக்குள்ளே இருக்கிற ஊர். அம்மாளின் கையில் இருந்த தாள் மெல்ல இறங்கியது.

அந்த வருஷச் சித்திரையில்தான் அம்மாளின் தங்கை மகள் ஜெபமாலை தலைப்பிரசவத்துக்கு ஆவூருக்கு வந்திருந்தாள். பிரசவ மருந்து கிண்ட, பத்தியம் பார்க்க என்று அம்மாள் பத்து நாள் லீவு போட்டார். லீவுக் கடிதத்தில் காரணம் என்று எழுதியதே அதுதான். இந்தத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் முதல் பிள்ளை எங்கே பிறக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்த உடனே அது மறந்துபோயிற்று.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லம்மா" என்றார் செங்கமலத்தம்மாள். குரலில் இப்போது கோபம் இல்லை. "வெள்ளிக்கெழமை அறந்தாங்கி ரைஸ்மில்லுல கணக்கு எழுதப் போறான். அவுக அப்பா சொல்லி வச்சாச்சு. அங்கிட்டுப் போயி உக்காந்துட்டான்னா இனி இங்கிட்டுத் திரும்ப மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்."

அம்மாள் அவரை உள்ளே அழைத்துப் போய், இந்தத் தடவை உட்கார வைத்துவிட்டார். சமையற்கட்டிலிருந்து காபி போயிற்று. அவர் குடித்துக்கொண்டிருக்கையில் அம்மாள் நாகராசுவின் கட்டுரையைப் புரட்டினார். கோடு போட்ட விண்ணப்பங்களின் கட்டுரையை அவர் அதுவரை படித்ததே இல்லை. எதற்குப் படிக்க வேண்டும்? இப்போது படித்தார்.

அவர்கள் ஊர்க் கண்மாயின் தெற்கு மடையை அடைக்கச் சொல்லி ஒரு வருஷம் உத்தரவு வந்ததாம். மடைக்குக் கீழே பயிர் வைத்திருந்த எட்டு வீட்டையும் யாரும் கேட்கவில்லையாம். உத்தரவில் காரணமும் இல்லையாம். கதிர் விடும் நேரத்தில் பயிர் கருகியது. பிறகு பார்த்தால் அடைக்க வேண்டியது வடக்கு மடை. "கேட்டிருந்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும்" என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தான். கேட்காமல் போடும் உத்தரவுகளைத் தாலுகா தாலுகாவாகத் தேடிப் படித்து ஆராய வேண்டும் என்பதுதான் அவன் விண்ணப்பித்த பொருள்.

அப்படி எழுதியவனுக்கு அம்மாள் கேட்காமல் கார்டு அனுப்பியிருந்தார். காரணமும் எழுதாமல்.

அன்று சாயங்காலம் செங்கமலத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு அம்மாள் வக்கீல் ஐயா வீட்டுக்குப் போனார். குழுவின் முடிவுகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். ஐயா கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா, புத்தகத்தோட வந்திருக்கீங்க? கூட்டம் முடிஞ்சுதே."

அம்மாள் நடந்ததைச் சொன்னார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. ஐயா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாவந்தான். ஆனா விதி ஏழு என்ன சொல்லுது? ஏற்பதும் தள்ளுவதும் செயலர் முடிவு, அதுவே இறுதி. நான் சொல்லலை, நீங்களே டைப் அடிச்சது. இவனுக்குத் தெறந்தா மிச்சம் நாலு பேரும் வந்து நிப்பான்."

"வரட்டுமுங்க. அவுகளுக்கும் காரணம் சொல்லலையே நான்."

"நீங்க சொல்லணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இது சர்க்கார் ஆபீசா? நாம ஒரு தனி ட்ரஸ்ட்."

"அதாங்க எனக்கு ஒறைக்குது. சர்க்காரு அப்படிச் செய்யலாமான்னு கேக்குறதுக்கு வருஷம் ரெண்டு பேரைச் சோறு போட்டு உக்கார வச்சிருக்கோம். நம்ம மேசையில நான் அதையேதான் செஞ்சிருக்கேன்."

ஐயா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, ஒங்க நன்மைக்குச் சொல்றேன். மறுபடி எடுக்கணும்னா ஏன் எடுத்தோம்னு மினிட்டுல எழுதணும். ஒங்க தப்பு ஒங்க பேரோட நிக்கும். பொம்பளையை செயலரா வச்சா இப்படித்தான்னு பேச ஊர்ல ஆள் இல்லையா? அடுத்த வருஷம் ஒங்க வேலை நீட்டிப்புக்கு வரும். அப்ப இந்தப் பக்கத்தை எவனாவது தெறந்து வச்சுக்கிட்டுக் கேப்பான்."

ஆவூரில் விதவைத் தங்கையின் வீட்டு அடுப்பு இந்தச் சம்பளத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. அது அம்மாளுக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். அம்மாளின் விரல்கள் மினிட் புத்தகத்தின் ஓரத்தை வருடின. பக்கத்தில் நின்ற செங்கமலத்தம்மாளுக்கு விதி ஏழும் தெரியாது, மினிட்டும் தெரியாது. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

"பேனா தருவீங்களாங்க?" என்றார் அம்மாள்.

நின்றபடியே எழுதினார். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது; வேண்டுபவர் பார்க்கலாம். "மூன்றாம் கட்டத்தை மட்டும் பார்த்து, விண்ணப்பித்தவரை ஒரு வார்த்தை கேட்காமல், காரணமும் எழுதாமல் ஐந்து பேருக்குக் கார்டு அனுப்பினேன். தவறு என்னுடையது. திரும்ப விசாரிக்க வேண்டுகிறேன். அற்புதமேரி."

ஐயா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை காலைல குழுவைக் கூட்டுங்க. பையனை வரச் சொல்லுங்க. கேப்போம்னுதான் சொல்றேன், குடுப்போம்னு சொல்லலை" என்றார். பிறகு செங்கமலத்தம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, குன்றாண்டார்கோவில்ல பொறந்தான்னு சொல்றதுக்கு என்ன சாட்சி?"

"நான் அங்கிட்டுத்தானுங்களே இருந்தேன், அய்யா!"

ஐயா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது என்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, "எழுத்துல ஏதாச்சும் கொண்டாங்க" என்றார்.

புதன்கிழமை இரண்டு அம்மாள்களும் கீரனூர்த் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே இருந்த குமாஸ்தா, "பழைய பிறப்புப் பதிவேடு மேல பரண்ல கெடக்கு. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"அடுத்த வாரம்னா என்ன காரணத்துக்குங்க?" என்று கேட்டார் அம்மாள், பணிவாகத்தான். குமாஸ்தா காரணம் தேடினார். அகப்படவில்லை. ஏணியை எடுத்து வரச் சொன்னார்.

முப்பத்துநான்காம் வருஷத்துப் பதிவேட்டில் பெயர் இல்லை. பிள்ளைக்கு அப்போது பெயர் வைக்கவில்லை. "குன்றாண்டார்கோவில். தாய் செங்கமலம். ஆண். தலைப்பிள்ளை" என்று இருந்தது. செங்கமலத்தம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாள் வாசித்துக் காட்ட, அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தானா? அன்னைக்கு ரெண்டு நா நோவு கண்டேன், அதை எழுதலையே" என்றாராம்.

வியாழக்கிழமை காலை நாகராசு வந்தான். ஒல்லியான பிள்ளை; இரவல் சட்டை தோளில் தொங்கியது. தாய் விரட்டித்தான் வந்திருக்கிறான் என்பது நிற்பதிலேயே தெரிந்தது. அடுத்த நாள் ரைஸ்மில். குழு எதிரில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வக்கீல் ஐயா பதிவேட்டு நகலைப் பார்த்துத் தள்ளி வைத்துவிட்டு நேரே கேட்டார்.

"தம்பி, ஒன்னைத் தள்ளினதுல தப்பு என்னன்னு நீ சொல்லு பார்ப்போம்."

நாகராசு அம்மாளைப் பார்த்தான். தன்னைத் தள்ளியவர் அவர்தான் என்று அவனுக்குத் தெரியும். அம்மாள் பொறியில் விரல் வைத்தபடி, அவன் சொல்வதை எழுதக் காத்திருந்தார்.

"தள்ளுனது தப்பில்லீங்கய்யா" என்றான் மெதுவாக. "பத்திரத்துல அப்படி இருந்தா தள்ளத்தான் வேணும். கேக்காமத் தள்ளுனதுதான் தப்பு. கேட்டிருந்தா தள்ளியிருக்க முடியாது, அது வேற. ஒருவேளை நான் உண்மையிலேயே ஆவுடையார்கோவில்ல பொறந்திருந்தாலும், கேட்டுட்டுத் தள்ளியிருந்தா எங்கம்மா பஸ் ஏறியிருக்க மாட்டாங்க. நான் நாலு நாளு சாப்பிடாம இருந்திருக்க மாட்டேன். காரணம் தெரிஞ்சா மனுசன் எந்திரிச்சு வேற வேலையைப் பார்ப்பான்யா."

அறையில் பொறியின் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றது. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். "பார்ப்பான்யா" என்பதையும் விடாமல் அடித்தார்.

பதினைந்து நிமிஷம் வெளியே நிற்கச் சொன்னார்கள். செங்கமலத்தம்மாள் சமையற்கட்டு வாசலில் வந்து, ஒன்றும் கேட்காமல் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு கதவு திறந்தது. வக்கீல் ஐயா தலையை நீட்டி, "கருப்பா, அந்த ரெண்டாவது அறையைக் கூட்டிப் பெருக்கி வை" என்றார். அந்தத் தாய் கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, ஈரக் கையோடு அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சபையோரே, கதை இதோடு நின்றிருந்தால் ஒரு பிள்ளைக்கு நல்லது நடந்தது என்று எழுந்து போய்விடலாம். அம்மாள் நிற்கவிடவில்லை. மிச்சம் நாலு பேருக்கும், ஏன் தள்ளினோம், உங்கள் பக்கம் சொல்ல ஏதாவது உண்டா என்று கைப்படக் கடிதம் எழுதினார். இரண்டு பேர் நன்றி என்று எழுதினார்கள். ஒருவர் நாலு பக்கம் சண்டை போட்டு எழுதினார். அதற்கும் பதில் போயிற்று. ஒருவர் எழுதவே இல்லை. மீந்திருந்த கார்டுகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம் 'பிறந்த ஊர்' என்று மாறியது. அன்று முதல் இன்று வரை இந்த வீட்டிலிருந்து, முன்கூட்டிக் கேட்காமலோ காரணம் எழுதாமலோ ஒரு மறுப்பும் போனதில்லை.

அடுத்த வருஷம் அம்மாளின் வேலை நீட்டிப்புக் குழுவின் முன் வந்தது. ஐயா எச்சரித்தபடியே ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார். வக்கீல் ஐயா புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்து, "இந்தப் பக்கத்துக்காகத்தான் நீட்டிக்கிறோம்னு எழுதுங்க" என்றார். அறுபத்தொன்றில் அந்தச் சீமை எல்லையையே எடுத்துவிட வேண்டும் என்று கோர்ட்டில் அனுமதி வாங்கியவரும் அவரேதான். ஏன் என்று கேட்டதற்கு, "இல்லேன்னா அந்தம்மா மறுபடியும் முந்தானையில எதையாவது முடிஞ்சுக்கிட்டு வந்துரும்" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறீர்களே ஐயா, நாங்கள் மறக்கவில்லை!

நாகராசு ஒரு வருஷம் இங்கே இருந்தான். ஏழு தாலுகாவில் ஏறி இறங்கிக் கேட்காமல் போட்ட உத்தரவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தான். இன்று சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறார்; இனி 'ர்' போட்டுத்தான் பேச வேண்டும். தம்மிடம் படிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் இங்கே விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்புகிறார். இதோ மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். பக்கத்தில் செங்கமலத்தம்மாள். இன்றைக்கும் அதே முதல் பஸ்ஸில்தான் வந்தார்களாம்.

இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம், அம்மா! நிமிர்ந்து பாருங்கள். உங்களைப் பற்றிச் சொல்ல இன்னும் எத்தனையோ உண்டு. பதினேழு ஆண்டில் முப்பத்துமூன்று ஆராய்ச்சியாளர் இந்த வீட்டில் உண்டு, உறங்கி, எழுதிச் சென்றார்கள். சட்டம் என்பது புத்தகத்தில் இருப்பது என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். அது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், அந்தப் பக்கம் நிற்பவரை நிமிர்ந்து பார்ப்பது என்று அறிந்து போனார்கள். அதை நீங்கள் யாருக்கும் பாடமாகச் சொன்னதில்லை. வாசலில் ஆள் நின்றால் எழுந்து போனீர்கள், அதைப் பார்த்தார்கள். கருப்பன் ஒருநாள் தாமதமாக வந்தாலும், கோபித்துக்கொள்வதற்கு முன், "என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் கோபித்துக்கொள்வீர்கள். அந்த 'என்னாச்சு' இல்லாமல் நாளை முதல் இந்த அலுவலகம் எப்படி விடியப் போகிறது என்பதை நினைக்கத்தான் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது.

செங்கமலத்தம்மாள் நீட்டிய அந்தக் கார்டை மட்டும் நீங்கள் அடுப்பில் போடவில்லை. மஞ்சள் கறையோடு, மடிப்போடு, கண்ணாடி போட்டு உங்கள் மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டினீர்கள். எட்டு வருஷமாகத் தலை நிமிர்ந்த போதெல்லாம் அதைத்தான் பார்த்தீர்கள். நேற்று உங்கள் பொருள்களைக் கட்டிக் கொடுக்கும்போது கருப்பன் அதையும் கழற்றப் போனான். "அது எனக்கில்லைடா. அடுத்து வர்றவுகளுக்கு" என்றீர்கள். கருப்பன் கையை எடுத்துக்கொண்டான்.

ஆகையால், அம்மா, கார்டு அந்த ஆணியிலேயே இருக்கும். சட்டம் போட்ட இந்த மடலை நீங்கள் ஆவூருக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே உங்கள் வீட்டில் ஒரு புது ஆணி அடித்து மாட்டுங்கள். கோயில் மணி கேட்கும் தூரத்தில், தங்கையும் ஜெபமாலையும் அவள் பிள்ளையும் சூழ, நோய் நொடி இன்றி, கண் மங்காமல், கை நடுங்காமல், நூறாண்டு நிறைவாழ்வு வாழுங்கள். உங்கள் ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். எங்கள் குலதெய்வங்களிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

கிட்டத்தில் வந்து கேட்ட உங்களுக்கும் வெறுங்கையோடு விடை கொடுக்க மாட்டோம். உங்கள் வீட்டுப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குப் போய்ச் சுகமாய்ப் பிள்ளையோடு திரும்பட்டும். உங்கள் பிள்ளைகள் எழுதிப் போடும் விண்ணப்பங்களை யாராவது ஒருவர் கடைசி வரி வரை படிக்கட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்பவர் யாரானாலும், "என்னாச்சு?" என்று ஒரு குரல் உள்ளேயிருந்து எழுந்து வரட்டும். அந்தக் குரல் இருக்கும் வீடு தழைக்கும். உங்கள் வீடு தழைக்கட்டும்!

இங்ஙனம்,
என்றும் உங்கள் அன்பு மறவா,
அறக்கட்டளைப் பணியாளர்கள்

கருப்பன் (ஏவலர்)
பழனிச்சாமி (நூலகம்)
மருதாயி (துப்புரவு)
எல்லோருக்காகவும் எழுதியது: ஆரோக்கியம்மாள் (சமையற்கட்டு)

புதுக்கோட்டை,
30-6-1966